வேதப்புத்தகத்துக்குள் வைத்த சீட்டுகள்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் வரவேற்பாளர் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் கடைசி. பி.காம். முடித்துவிட்டு எட்டு மாதமாகச் செங்கல்பட்டு வீட்டில் சும்மா இருந்தேன். ஓட்டலிலிருந்து வந்த கடிதத்தை அப்பா இரண்டு தடவை படித்து, மடித்து, உறைக்குள் வைத்தார்.

"ஆண்டவரு சித்தம் இன்னான்னு பாத்துடலாம்மா."

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். ஜெபிக்காமல் டியூட்டிக்குப் போகமாட்டார். எங்கள் வீட்டில் சித்தம் பார்ப்பது இப்படி: ஒரு சீட்டில் 'போகலாம்', இன்னொன்றில் 'வேண்டாம்' என்று எழுதி மடித்து, வேதப்புத்தகத்துக்குள் வைத்து ஜெபிப்போம். பிறகு கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். மற்றதைப் பிரிக்காமலே அம்மா அடுப்பில் போட்டுவிடுவாள். நான் விலங்கியல் படிக்க ஆசைப்பட்டேன். சீட்டு வணிகவியல் என்றது. மூன்று வருடம் முணுமுணுக்காமல் படித்தேன்.

அண்ணனுக்கு மட்டும் யாரும் சீட்டுப் போட்டதில்லை. வேலைக்கு மஸ்கட் போகிறேன் என்று அவன் சொன்ன அன்றே, "ஆண்டவரு கூட இருப்பாரு, போய்ட்டு வா" என்று அப்பா அவன் தலையில் கை வைத்தார். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை காலை அம்மா சீட்டு எழுதினாள். அப்பா கால் மணி நேரம் ஜெபித்தார். நானும் மனதார ஜெபித்தேன். பின்னால் என்னை அடங்காதவள் என்றார்கள், அதனால் இதைச் சொல்கிறேன். நீர் வேண்டாம் என்றால் நான் போகமாட்டேன் என்றுதான் ஆண்டவரிடம் சொன்னேன்.

எடுத்தேன். 'வேண்டாம்.'

அம்மா சட்டென்று மற்ற சீட்டுக்குக் கை நீட்டினாள். எதையும் நிதானமாகச் செய்கிறவளுக்கு அன்று என்ன அவசரம்? என் கை முந்திக்கொண்டது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் 'வேண்டாம்'.

"இன்னாம்மா இது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓட்டல் வேலடி. கண்டவனும் வருவான். திருக்கழுக்குன்றம் வழியா தெனம் தனியா பஸ்ல போய்கினு வந்துகினு... ஊரு இன்னா பேசும்?"

"பயமா இருந்தா எங்கிட்ட சொல்றது. ஆண்டவரு பேர்ல ஏன் எழுதுன?"

அப்பாவுக்கு இது தெரியாது. அவர் முகம் செத்துப்போயிருந்தது. அம்மாவைக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அவ கைய எழுத வெச்சதும் அவரு சித்தந்தாம்மா" என்றார்.

"அப்ப ரெண்டாவது சீட்ட என் கைய பிரிக்க வெச்சது யாருப்பா?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம் பாஸ்டரை அழைத்து வந்தார். பாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டார். அம்மா செய்தது தப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சுயசித்தத்த சிலுவைல அறையணும் பாப்பா."

"அண்ணன் மஸ்கட் போறப்ப யாரும் அறையலியே, பாஸ்டர்?"

"அது ஆம்பளப் புள்ள," என்றார், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆதி மனிதர்களின் தோட்டத்து நடுவில் விலக்கிய மரத்தை வைத்துவிட்டு, எடுப்பதும் விடுவதும் உங்கள் பாடு என்று விட்டவர் ஆண்டவர். தன் மகனைச் சுமக்கப்போகிறவளிடம்கூடத் தூதனை அனுப்பி, அவள் வாயிலிருந்து சம்மதம் வரும்வரை காத்திருந்தவர். அவரை இரண்டு துண்டுக் காகிதத்துக்குள் அடைத்து, அவருடைய பதிலையும் இவர்களே எழுதிக்கொண்டார்கள்!

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வீரமாகப் போனேன் என்று சொல்லமாட்டேன். ஒருவேளை நிஜமாகவே ஆண்டவர் வேண்டாம் என்றிருந்தால் என்ற பயம் பஸ் முழுக்க இருந்தது. தப்பாகப் போனால் அது என் தப்பாகவே இருக்கட்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லிக்கொண்டேன். அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

வேலை நன்றாகவே அமைந்தது. மறுவருடம் சாட்சி சொல்லும் ஞாயிறன்று அப்பா சபையில் எழுந்து மைக்கைப் பிடித்தார். ஆண்டவர் என் மகளுக்கு ஒரு கதவைத் திறந்தார் என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டர் குரல்தான் உரக்கக் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "அதென்னாப்பா சாட்சி?"

"அவரு தொறக்கலன்னு சொல்றியா?"

"தொறந்துருக்கலாம். நீங்க பூட்டுனத ஏன் சொல்லல?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பூட்டுனது நாந்தான். அவர கேக்காத. ஆண்டவரயும் இழுக்காத."

ஒரு வருடமாக அந்த வீட்டில் 'நான் செய்தேன்' என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. என் கோபம் தீரவில்லை, இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் உள்ளே போய் அம்மாவோடு சாப்பிட உட்கார்ந்தேன்.