கமலாட்சி அம்மாள் போட்ட கார்டு

பட்டுத்தறி பஞ்சாட்சரம் மெட்ராஸ் தரகர் மூலம் மில் பங்குகள் வாங்கி விற்பார். விலை சரியும்போது தன் மனசு தன் பேச்சைக் கேட்காது என்று அவருக்கே தெரியும். அதனால் "எல்லாவற்றையும் விற்றுவிடவும்" என்று தரகருக்கு ஒரு கார்டு எழுதி, மனைவி கமலாட்சியிடம் கொடுத்து வைத்திருந்தார்.

"பேப்பர்ல எண்பதுக்குக் கீழ போட்டிருந்தா தபால்ல சேத்துடு. நான் கால்ல விழுந்தாலும் கேக்காத."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் ஒரு காலை, பேப்பரில் விலை எழுபத்தெட்டு என்று வந்தது. அந்த அம்மாள் உடனே கார்டைப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

பெட்டியைத் திறந்த தபால்காரன் நான்தான். பஞ்சாட்சரம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "கண்ணாயிரம், நாளைக்கே ஏறிடும்பா, குடுத்துடு" என்று நடுத்தெருவில் என் காலில் விழுந்தார். கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கொடுத்துத் தொலைத்தேன், முட்டாள்.

விலை முப்பதுக்கு இறங்கியது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பங்குகள், வீடு போயிற்று. தை பிறக்குமுன் அவரும் போனார். கார்டைத் திரும்ப வாங்கியதை மனைவியிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த அம்மாள் இப்போது ஐயம்பேட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறாள். நான் தபால் கொடுக்கப் போனால் ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்:

"ஏம்பா, அன்னிக்கு நான் லேட்டா போட்டுட்டேனா?"