வரைந்த கேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்டூல்

ராஜபாளையத்தில் மூடிக் கிடந்த ஒரு நூல் மில்லின் சுற்றுச்சுவரில், ஊரார் சேர்ந்து மில் ஓடிய காலத்தைப் படமாக வரைந்தோம். பாலிடெக்னிக் முடித்திருந்த நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அளவு போட்டுக் கொடுத்தேன். வேலைகளை நோட்டில் வரிசையாக எழுதியிருந்தேன்: சுவர் சுரண்டுவது, வெள்ளையடிப்பது, ஸ்பின்னிங் மிஷின், திறந்த கேட், ஷிப்டுக்கு நுழையும் ஆட்கள். மில் வாட்ச்மேன் மட்டும் எந்த வரியிலும் அடங்கவில்லை.

ஒல்லியான மனிதர். மில் மூடிய பிறகும் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டிருப்பார். தன் இரும்பு ஸ்டூலை நாங்கள் வரைந்த கேட்டின் முன்னால்தான் போடுவார். ஈரப் பெயின்ட் முதுகில் ஒட்டினாலும் எழுந்திருக்க மாட்டார்.

"அண்ணாச்சி, நிஜ கேட்டு அங்க இருக்கு. அங்க போய் உக்காருங்க."

"அது பூட்டிக் கெடக்கு தாயி. இதத்தான தொறந்து போட்டுருக்கீய?"

"இது படம், அண்ணாச்சி!"

"மில்ல மூடுனப்போ வேல பாத்தவிய எம்புட்டு நாளு இங்கன நின்னு கெஞ்சுனாவ. நாந்தான் தொறக்கல. இப்ப செவுத்துல தொறந்து வச்சா, என்னய என்ன நெனைப்பாவ?"

எரிச்சலோடு நோட்டில் எழுதினேன்: ஸ்டூலை நகர்த்த வேண்டும்.

திறப்பு விழா அன்றும் அவர் நகரவில்லை. உட்காரக்கூட இல்லை, விறைப்பாக நின்றார். பழைய தொழிலாளர்கள் அவருக்கு இரண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவரை விலகச் சொல்ல அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது.

அந்த போட்டோ என்னிடம் இருக்கிறது. அவர்கள் மறைத்து நிற்பதால், நான் அங்குலம் அங்குலமாக அளந்து போட்ட கேட் அதில் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று இன்றுவரை யாருக்கும் காட்ட முடியவில்லை.