அடுப்பு மெக்கானிக் பச்சையா சாப்பிட்ட நாப்பத்தெட்டு நாள்

கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்றவனுக்குக் கூலிக்கு மேல ஒரு வரும்படி உண்டு: சரி பண்ணின அடுப்புல போடற முதல் காபி அவனுக்குத்தான். இருபது வருஷமா திருச்சி முழுக்கச் சர்க்கரை தூக்கலா குடிச்சுத் தீர்த்தேன். பலன் என்ன தெரியுமா? புத்தூர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "மாத்திரை மட்டும் தாங்காதுங்க, அடுத்து ஊசிதான்"னு சொல்லிட்டாரு.

ஊசின்னா எனக்கு உசுரே போயிடும். ரெண்டு மாசம் தவணை கேட்டேன். மாத்திரையையும் விடாம, ஒரு மண்டலத்துக்கு அடுப்புல ஏறாத சாப்பாடுதான்னு சபதம் போட்டேன். பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு, வீட்டுல நானும் என் சம்சாரம் மலர்க்கொடியும் மட்டும்தான். அவகிட்ட சொன்னேன். "சரிங்க"ன்னா, அவ்வளவுதான். வாயைக் கட்டிக்கிட்டுத் தவிக்கிற டயட்காரங்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும், கேளுங்க.

முதல் நாள் டப்பா

கடையில என்னோட வேலை பார்க்கிற சகாயராஜ் மத்தியானம் எப்பவும் என் டப்பாவுல ஒரு கை போடுவான். அன்னிக்குத் திறந்தா முளைகட்டின பயறு, துருவின வெள்ளைப்பூசணி, தேங்காய்ப் பத்தை, வெள்ளரிக்காய். மணப்பாறை முறுக்கைக் கடிச்சவன் அப்படியே வாயைத் திறந்தபடி நின்னுட்டான். டப்பாவைப் பார்த்தான், என் மூஞ்சியைப் பார்த்தான். தோள்ல கையைப் போட்டு மெதுவாக் கேட்டான்: "அண்ணே, அண்ணி கோச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்களா?"

ஸ்ரீரங்கத்து மாமி

சித்திரை வீதியில ஒரு மாமி வீட்டு அடுப்பு. வேலை முடிஞ்சு நீலமா எரிய விட்டேன். டபரா செட்ல நுரை ததும்ப டிகிரி காபி வந்துச்சு. அந்த வாசனை இருக்கே, அடடா! கண்ணை மூடிக்கிட்டு "வேண்டாம் மாமி"ன்னேன். மாமிக்கு முகம் செத்துப்போச்சு. "ஏன், எங்காத்துக் காபி ஆகாதா?"ன்னாங்க.

விஷயத்தைச் சொன்னேன். "சாதம்?" இல்லை. "ஒரு வாய் ரசம்?" அதுவும் இல்லை. "பின்னே என்னதான் சாப்பிடறேள்?" ஊறவெச்ச பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய்னு சொன்னதும் மாமி நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டாங்க. "ராமா! எங்காத்துப் பெருமாளே ஸ்ரீராமநவமி அன்னிக்கு ஒரு நாள்தான் இந்த ஊறவெச்ச வடைப்பருப்பு கண்டருள்றார், நீங்க நாப்பத்தெட்டு நாளுமா?"

கைலாசபுரத்து பஜ்ஜி

இருபதாம் நாள். குவார்ட்டர்ஸ் வீட்டுல சரி பண்ணின அடுப்பைச் சோதிக்கிறேன்னு அந்தம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டாங்க. ஒண்ணை என் கையில வெச்சாங்க. சத்தியமா சொல்றேன், அது எப்படி என் வாய்க்குள்ள போச்சுன்னு எனக்கே தெரியாது. ஊசி ஞாபகம் வந்ததும் கொல்லைப்பக்கம் ஓடிப்போய்த் துப்பினேன். திரும்பினா அந்தம்மா கரண்டியோட நிக்கிறாங்க, முகமெல்லாம் வெளிறிப்போச்சு. "எண்ணெய் காறிப்போச்சுன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானேங்க!"

டாக்டரே ஆடிட்டாரு

நாப்பத்தொம்பதாம் நாள் புத்தூருக்குப் போனேன். டாக்டர் ரிப்போர்ட்டைப் படிச்சாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி படிச்சாரு. "இப்போதைக்கு ஊசி வேண்டாங்க. ஆமா, ரத்தம் நீங்கதானே குடுத்தீங்க?"

எங்க வீட்டு அடுப்பு

குதிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். மலர் காய் வாங்கப் போயிருந்தா. வர்றதுக்குள்ள என் கையால அவளுக்கு ஒரு காபி போடலாம்னு அடுப்பைத் திருகினேன். மஞ்சளா இருமி இருமி எரிஞ்சு அணைஞ்சுபோச்சு. பர்னர் குழாயைக் கழட்டிப் பார்த்தா உள்ளே சிலந்தி வலை! ஆள் புழங்குற அடுப்புல அது கட்டாதுங்க. வாரக்கணக்குல பத்த வைக்காம கிடந்தாத்தான் கட்டும். எனக்குத் தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு. மலர் வீட்டுல ஒரு தாளிப்பு வாசனைகூட வராம என் சபதத்தைக் காப்பாத்துறான்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேனே, பாவி!

சாப்பிட்டியான்னு கேட்டப்பெல்லாம் "நான் அப்பவே சாப்பிட்டேனே"ம்பா. அப்புறம்தான் தெரிஞ்சுது, சாப்பிட்டதெல்லாம் தெருமுனைக் கடை டீயும் ரஸ்க்கும்தான். பையோட உள்ளே வந்தவளை அன்னிக்குத்தான் நல்லாப் பார்த்தேன். ரவிக்கை தோள்ல நிக்கல, கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு. "ஏன்டி, ஏன் இப்படிப் பண்ணினே?"ன்னு கத்திட்டேன், அழுகையும் வந்துடுச்சு. பையைக் கீழே வெச்சுட்டுச் சாதாரணமாத்தான் சொன்னா: "ஒருத்திக்குன்னு யாருங்க உலை வைப்பா?"

அடுப்பு எரியலன்னு போன் வந்தா அரை மணி நேரத்துல போய் நிக்கிறவன்னு ஊர்ல பேர் வாங்கின எனக்கு, என் வீட்டு அடுப்புகிட்ட போய்ச் சேர நாப்பத்தொம்பது நாள் ஆயிருக்குங்க.