சிரிக்காத தாத்தாவை வரைந்த செல்வி

செல்வி இறந்த செய்தியைப் பதிப்பாளர்தான் தொலைபேசியில் சொன்னார். டெங்கிக் காய்ச்சல். முப்பது வயதுகூட ஆகவில்லை. "உங்களுக்கு மக மாதிரி இருந்துச்சு, பாவம்," என்றார். அவளை அறிந்தவர்களுக்கு உண்மை தெரியும். எனக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இறந்துவிட்டாள் என்பதற்காக அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

என் சிறுவர் கதைக்குப் படம் வரைய, சுங்கை பட்டாணி நகரில் பச்சை குத்தும் கடை வைத்திருந்த அவளைப் பதிப்பாளர்தான் பிடித்து வந்தார். எண்பது வயதுத் தாத்தாவும் ஏழு வயதுச் சிறுமியும் நண்பர்களாகும் கதை. முதல் நாளே கேட்டாள்: "அங்கிள், இந்தத் தாத்தா ஏன் பக்கத்துக்குப் பக்கம் புத்தி சொல்லிக்கிட்டே இருக்காரு? அந்தப் பிள்ளைக்கு வாயே இல்லையா?"

"வரையத்தான் உன்னைக் கூப்பிட்டது," என்றேன்.

"வரையறதுக்குப் படிக்கணும்லா."

என் அன்பான தாத்தா அவள் கையில் கடுகடுத்த முகத்தோடு வந்தார். சிறுமி அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். கதையில் அப்படி ஒரு வரியே இல்லை. மாற்றச் சொன்னேன், மறுத்தாள்.

"சண்டை போடாம எப்படி கூட்டாளி ஆவாங்க, அங்கிள்?"

பதிப்பாளர் அவள் பக்கம் சாய்ந்தார். அவள் படங்களுக்கு இடம் வேண்டுமென்று தாத்தாவின் அறிவுரைகளில் பாதியை வெட்டினார்கள். அது அநியாயம் என்றே இன்றும் சொல்வேன்.

பக்கத்து ஊரான புக்கிட் செலம்பாவில் புத்தக வெளியீடு. மேடையில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கூட்டத்திலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "நீங்க ரெண்டு பேரும் கூட்டாளியா?" என்றாள்.

"இல்லம்மா, எங்களுக்கு ஆகாது," என்றாள் செல்வி.

"ஆமாம், ஆகாது," என்றேன் நானும். மண்டபமே சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. மேடையிலிருந்து இறங்க முழங்கால் வலியில் நான் தயங்கியபோது, தோளைக் கொடுத்தாள். பிடித்து இறங்கினேன். நன்றி சொல்லவில்லை.

இறுதிச் சடங்கில் வந்தவரெல்லாம் என் கையைப் பிடித்து, தாத்தாவும் பேத்தியும்போல இருந்தீர்களே என்றார்கள். அவள் அம்மா மட்டும், "வீட்டுல உங்களத் திட்டிக்கிட்டே இருப்பாய்யா," என்றார். அந்தக் கூட்டத்தில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது கதையைக் கொடுத்திருக்கிறேன். பதிப்பாளர் அருமை என்கிறார். புதிய ஓவியர் சொன்னதையெல்லாம் வரைகிறார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. கதையில் பெரியவர் வாயைத் திறக்கும் இடமெல்லாம் எனக்கே எரிச்சல் வருகிறது. நேற்று அவர் பேசும் ஒரு பக்கம் முழுவதையும் அடித்து நீக்கிவிட்டேன். செல்வி எனக்கு விட்டுச் சென்றது அந்த எரிச்சல்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.