அமைச்சரைத் திட்ட முடியாத மானிக்

வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் சாவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிறப்பதற்குத்தான் விமானச் சீட்டு வேண்டும். ஒரு தலைமுறையாக இதுதான் கதை. வயிற்றுப் பிள்ளைக்காரி மாதம் நெருங்குவதற்கு முன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கே பறக்க வேண்டும். அங்கே விடுதியில் தனியாகக் கிடந்து, முகம் தெரியாதவர்கள் நடுவே பெற்று, கைக்குழந்தையோடு திரும்ப வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நகரத்தில் பிறந்தவர்கள். அந்த நகரம் எப்படியிருக்கும் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

மானிக் தேர்தலில் நின்றது இந்த ஒன்றுக்காகத்தான். அதுவரை அவள் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகத் தொட்டி நிரப்புகிறவள் ஓட்டுக் கேட்பதற்கென்று தனியாகக் கிளம்ப வேண்டியதில்லை. குழாயைச் செருகிவிட்டு, தொட்டி நிரம்பும்வரை வாசலில் நின்று பேசுவாள்.

"எனக்குப் பிரசவ வலி வந்தப்போ பக்கத்துல எங்க பாஷை பேச ஒரு ஆள் இல்ல. சுவத்தப் பாத்து அழுதேன். நம்ம ஊர்லயே ஒரு பிரசவ அறை வேணும், ஒரு மருத்துவச்சி வேணும். வேற எதுவும் வாங்கித் தர்றேன்னு நான் சொல்ல மாட்டேன்."

எதிர்த்து நின்றவன் துலுகாக், கடை மேலாளர். பனிச்சறுக்கு அரங்கத்துக்குப் புதுக் கூரை போடுவேன் என்றான். ஹாக்கிப் பைத்தியம் பிடித்த ஊரில் அது லேசான வாக்குறுதி இல்லை. அப்படியும் மானிக் ஜெயித்தாள்.

எங்கள் பிரதேசத்துச் சட்டசபையில் கட்சி கிடையாது. உறுப்பினர்கள் வட்டமாக உட்கார்ந்து, தங்களுக்குள்ளேயே அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த முறை சுகாதாரத் துறை கிடைத்தது உகலிக் என்கிற இளைஞனுக்கு. அவன் பெயரைக் கேட்டதுமே வம்பு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மானிக்கின் செத்துப்போன அம்மாவின் பெயர் அது. அந்த அம்மா இறந்த சமயத்தில், வேறு ஊரில் வாழ்ந்த அவளுடைய உயிர்த்தோழி தனக்குப் பிறந்த மகனுக்கு ஆசையாக அந்தப் பெயரை வைத்துவிட்டாள். இனுயிட் மக்களிடம் பெயர் போகிற இடத்துக்கு உறவும் கூடப் போகும். ஆணா பெண்ணா என்ற கணக்கெல்லாம் இல்லை. ஆக அமைச்சர், மானிக்குக்கு அம்மா. பெற்ற தாயை நாலு பேர் நடுவில் எப்படித் திட்டுவது?

முதல் கேள்வி நேரத்தை ஊர் ரேடியோவில் நேரடியாகப் போட்டேன். ரேடியோ நிலையம் என்றால் ஒரு மேசை, ஒரு மைக், ஒரு தொலைபேசி, நான். மொத்த ஊரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மானிக் எழுந்தாள். தொண்டையைச் செருமினாள். பிறகு அவள் குரல் அப்படியே குழைந்துபோயிற்று.

"அம்மா, இளைச்சுப் போயிட்டியே. சரியா சாப்பிடறியா?"

சபையே சிரித்தது. சபாநாயகர், "மாண்புமிகு அமைச்சரே என்று அழையுங்கள்" என்றார். அமைச்சனோ எழுந்து, நல்ல பிள்ளையாக, "சாப்பிடறேன் மகளே" என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கேள்வி நேரம் முடிந்தது.

என் தொலைபேசி அலறத் தொடங்கியது. முதல் ஆள் துலுகாக்தான்.

"என்ன ரேடியோக்காரரே, சண்டை போடத்தானே அனுப்புனோம்? அவங்க சோறு ஊட்டப் போயிருக்காங்க போல!"

அவனாவது பரவாயில்லை. மானிக்கின் சொந்த அக்காவே கூப்பிட்டு, "அம்மா நிஜமாவே இளைச்சிருக்காளா?" என்று கேட்டாள். இந்த ஊரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அடுத்தடுத்த கூட்டங்களிலும் இதே கூத்துதான். கோபமாக எழுதிக்கொண்டு போவாள், அவன் முகத்தைப் பார்த்ததும் கரைந்துவிடுவாள். பக்கத்து ஊர் உறுப்பினர், "உனக்குப் பதிலா நான் நாலு கேள்வி கேக்கறேன்" என்று முன்வந்தார். "என் அம்மாவ நீங்க திட்டுனா நான் சும்மா இருப்பேனா?" என்று அவர்மேல் பாய்ந்தாளாம். அமைச்சனும் கெட்டவன் இல்லை. மருத்துவச்சி தங்க வீடில்லை, கிடைத்தாலும் ஆள் நிலைப்பதில்லை, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்பிவிடுவான். அடுத்த தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அறை வராமலே பதவி போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் கரிபு மான் கறியும் ரொட்டியும் தின்றுகொண்டே என்னிடம் புலம்பியவள், பாதிக் கடியில் நிறுத்தினாள்.

"அண்ணே, மகள்தானே திட்டக் கூடாது? புருஷன் திட்டலாம்ல?"

அவளுடைய அப்பா குப்பாக் அப்போது கல்லுக்குண்டாக இருந்தார். காதுதான் கொஞ்சம் மந்தம்.

"அம்மா, ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போ" என்று மானிக் அழைத்தாள். அம்மாவாக அழைத்தால் வராமல் இருக்க முடியுமா? வசந்த காலத்தில் அமைச்சன் வந்து இறங்கினான். சமூகக் கூடம் நிரம்பி வழிந்தது. கழுத்தில் டை கட்டிக்கொண்டு, அவன் திட்டங்களைப் பற்றிப் பேச வாயெடுத்தான். முன்வரிசையிலிருந்து குப்பாக் எழுந்தார்.

"ஏண்டி உகலிக்! ஊருக்கு வந்தவ முதல்ல வீட்டுக்கு வராம இங்க என்னடி பேச்சு?"

அமைச்சன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். வேறென்ன செய்வான்?

"வரேங்க. கூட்டம் முடிஞ்சதும் வரேங்க."

"அஞ்சு புள்ளைய இதே ஊர்ல பெத்தவ நீ. நாலு பொம்பளைங்க சுத்தி உக்காந்து பாட்டுப் பாட, சிரிச்சுக்கிட்டே பெத்த. இப்போ ஊருக்குள்ள யாரும் பெக்கக் கூடாதுன்னு நீயே சொல்றியாமே? என்னடி வந்துச்சு உனக்கு?"

அமைச்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. அந்தக் குடும்பத்துக் கதையெல்லாம் தன் தாயிடம் கேட்டு வளர்ந்தவன்.

"நீங்க மட்டும் என்னவாம்? ஒரு பிரசவத்துக்காவது வீட்ல இருந்தீங்களா? எப்பப் பாத்தாலும் பனிக்கடல்ல சீல் வேட்டை!"

பெண்கள் கைதட்டிய தட்டில் கூரை பறந்திருக்கும். குப்பாக்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது என் தப்புதான். அதுக்காக நீ பழி வாங்காத. புள்ளைங்கள இங்க பொறக்க விடு" என்றார்.

அமைச்சன் டையை அவிழ்த்துப் பையில் செருகினான். பிறகு, "சரிங்க" என்றான். அவ்வளவுதான். மருத்துவச்சிக்கு வீடு, சுகாதார நிலையத்தில் ஒரு அறை, இரண்டும் அந்தக் கோடையில் கப்பல் கொண்டுவந்த மரத்திலேயே எழும்பின. மருத்துவச்சியும் வந்து சேர்ந்தாள், எங்கள் பாஷைக்காரி.

அறை திறந்தும் யாருக்கும் முழு நம்பிக்கையில்லை. தேர்தல் நாளும் வந்துவிட்டது. துலுகாக் மறுபடி நின்றான். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குக் காலையில் அவனுடைய மகள் சீலாவுக்குத்தான் வலி எடுத்தது. அவள் விமானம் ஏற முடியாது என்று சொல்லிவிட்டிருந்தாள். ஆக வேட்பாளர்கள் இரண்டு பேரும் ஓட்டுக் கேட்காமல் சுகாதார நிலையத்தில் கிடந்தார்கள், ஒருத்தி உள்ளே கையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தன் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு.

சாயங்காலம் முடிவுக்காக நான் மைக் முன்னால் காத்திருந்தேன். தொலைபேசி அடித்தது. துலுகாக்.

"கொஞ்சம் பொறுய்யா, இன்னும் எண்ணி முடிக்கல" என்றேன்.

"எண்ணிக்கைய யாருய்யா கேட்டா? மைக்க போன்கிட்ட வை!"

வைத்தேன். முதலில் இரைச்சல். பிறகு ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பிறந்த நிமிஷத்துக் குழந்தையின் அழுகையை எங்கள் ஊர் ஒரு தலைமுறையாகக் கேட்டதில்லை. நானும் அழுதேன், அதில் வெட்கம் என்ன.

கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது. மானிக் ஜெயித்திருந்தாள். இரண்டு தடவை வாசித்தேன். அதைப் பற்றி ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை. ஆனால் தொலைபேசி மட்டும் ஓயவில்லை. கடைசியாகக் குப்பாக்கின் குரல் கேட்டது.

"ரேடியோக்காரா, எனக்குச் சரியா கேக்கல. இன்னொரு தடவ அழச் சொல்லு."