ஒயர் இல்லாத மிஷின்

என் தம்பி சவூதியிலிருந்து லீவில் வந்தபோது எனக்கு ஒரு நைலக்ஸ் சேலையும் என் வீட்டுக்காரருக்கு ஒரு மிஷினும் கொண்டுவந்தான். சேலை நன்றாகத்தான் இருந்தது. மிஷினை ஏன்தான் கொண்டுவந்தானோ என்றிருந்தது. எண்பதுகளின் நடுவில், குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த ஓர் ஆனி மாதம் அது.

தென்காசியில் ரத வீதியை ஒட்டிய சந்தில் எங்களுக்குப் பல்செட் கட்டும் கடை. வாசலில் அவர் பெயர் போட்ட போர்டு. முன்னறையில் ஒரு நாற்காலி, கண்ணாடி, கை கழுவும் தொட்டி. திரைக்கு அந்தப் பக்கம் பின்னறை. அங்கே சுவரில் மாட்டிய மோட்டார், அதிலிருந்து வளைந்து வரும் குழாய், குழாயின் முனையில் சுற்றும் சின்ன முள். வார்த்து எடுத்த செட்டை அந்த முள்ளால்தான் தேய்த்து ராவி வாய்க்குப் பொருந்தும்படி செய்ய வேண்டும். அதைச் செய்பவர் அவர் என்று ஊரே நம்பியது. செய்தவள் நான்.

இரண்டு வருஷமாக அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார், மாத்திரை எழுதினார், மாத்திரையும் தீர்ந்தது. கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போதுதான் ஆட்டம் அதிகம். அதனால் எங்கே உட்கார்ந்தாலும் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். வாயில் அளவெடுக்கும்போது தாடையை அழுத்திப் பிடித்திருப்பார், வெளியே தெரியாது. ராவுகிற வேலைதான் கைவிட்டுப் போயிற்று. முள் கொஞ்சம் பிசகினால் பல்லில் கோடு விழுந்துவிடும். கை நடுங்குகிறவரிடம் யார் வாயைத் திறந்து காட்டுவார்கள்? தெரிந்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். கடை போனால்கூட நான் எப்படியாவது சமாளிப்பேன். அவர் ஒடிந்துபோவார். அதுதான் என் பயம்.

ஆகவே ஒரு நாடகம் நடந்தது. வந்தவர்கள் முன்னறையில் காத்திருப்பார்கள். அவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வருவார். நான் மோட்டாரைப் போட்டு ராவுவேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வெளியே கேட்கிற மாதிரி இரண்டு மூன்று தரம் இருமுவார். வேலை முடிந்ததும், செட்டின் ஈறிலிருந்து உதிர்ந்து கிடக்கும் ரோஸ் நிறத் தூசியில் கொஞ்சம் எடுத்துத் தன் விரல்களில் தேய்த்துக்கொண்டு, செட்டோடு வெளியே போவார். நான் என் கையைக் கழுவிக்கொண்டு காப்பி கொண்டுபோவேன். "பாவம், அண்ணாச்சிக்கு ஒத்தையா எம்புட்டு வேலை" என்று என்னிடமே சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன். எரிச்சலாக வரும், என்ன செய்ய?

காலையில் தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, அதன்பிறகு அந்த இருட்டறையில் நிற்பேன். என்ன குழம்பு வைத்தாலும் எனக்குச் செட்டு வார்க்கிற மருந்து வாடைதான் அடித்தது. சீசன் வந்தால் கேட்கவே வேண்டாம். அருவித் தண்ணீர் தலையில் விழும்போது யாருக்கும் வாய் திறந்துகொள்ளும். செட்டு போட்டவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் எத்தனையோ பேருடைய பற்கள் அருவியோடு போயின. லாட்ஜிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டால், "மோட்டார் சுவத்துல மாட்டிருக்கு அண்ணாச்சி, ஒயரைப் பிடுங்கிட்டு வர முடியாது, நீங்க செட்டைக் கொடுத்து விடுங்க" என்று சொல்லித் தப்பித்தோம். அந்த ஒயர்தான் எங்களை இரண்டு வருஷம் காப்பாற்றியது.

தம்பிக்கு இது தெரியாது. என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். டார்ச் லைட் அளவில், கைக்கு அடக்கமாக இருந்தது அவன் மிஷின். வயிற்றுக்குள் பேட்டரி. ராத்திரி முழுக்க அதன் ஸ்டாண்டில் நிறுத்தி கரண்டு ஏற்றினால் கால் மணி நேரம் ஓடும், பிறகு முனக ஆரம்பிக்கும். கூடவே ஒரு டப்பா நிறைய முனைகள்: அறுக்கிற வட்டு, உப்புத்தாள் சுற்றிய உருளை, மெருகேற்றுகிற கம்பளி உருண்டை, எதற்கென்றே தெரியாத சில பிரஷ்கள். மாற்றிப் போட இரண்டு பிடிகள் இருந்தன. சின்னப் பிடியில் எங்கள் பழைய முட்கள் கச்சிதமாக உட்கார்ந்தன. பொருந்தாமல் போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அத்தான், இனிமே நீங்க மிஷின்கிட்ட போகாண்டாம். மிஷின் உங்க கூட வரும்" என்றான் தம்பி. அதோடு விட்டானா? டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், டம்ளரில் கடைக்காரர் பெயரை வெட்டிக் காட்டிவிட்டு வந்தான். ஊர் முழுக்கத் தெரிய அது போதாதா?

அவன் திரும்பிப் போன மறுவாரம், குற்றாலத்து லாட்ஜ் மேனேஜர் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, ஒயர் இல்லாத மிஷினு வந்துருக்காம்லா? எங்க லாட்ஜில ஒரு மதுரைக்கார அம்மா ரூமைப் பூட்டிக்கிட்டு இருக்காவ. மெயினருவில மேல்செட்டு விழுந்து ரெண்டா உடைஞ்சு போச்சு. கொடுத்து விடுங்கன்னா தர மாட்டேங்காவ. நீங்கதான் வரணும்."

நான் திரைக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவர் பார்க்காத மாதிரி, "வாரேன்" என்றுவிட்டார். மேனேஜர் போனதும் கேட்டேன்.

"யாரு ராவ?"

"நாந்தான். வேற யாரு?"

"உங்களால முடியாதுங்க."

"ஏளா, சும்மா வா. எனக்கு ஒத்தாசைக்குன்னு வா" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, செட்டு வார்க்கிற பொடியையும் திரவத்தையும் பையில் எடுத்து வைத்தேன். சண்டை போடத் தெம்பில்லை.

லாட்ஜ் அறையில் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் அங்கேயே வருகிறார்களாம். கைக்குட்டையைப் பிரித்து இரண்டு துண்டையும் நீட்டினார்.

உடைந்ததை ஒட்டுவது வரை பிரச்சினை இல்லை. நான் பொடியையும் திரவத்தையும் குழைத்துக் கொடுத்தேன், என் வீட்டுக்காரர் துண்டுகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தார். பிடித்திருந்தால் நடுக்கம் தெரியாதே. இறுகியதும் ஒட்டின இடம் மேடாக நின்றது. அதை ராவினால்தான் வாயில் உட்காரும். திரை இல்லை, பின்னறை இல்லை. அந்த அம்மா இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் மிஷினை எடுத்து பட்டனைத் தள்ளினார். முள் சுற்றியது. கையைச் செட்டுக்கு அருகில் கொண்டுபோனார், எடுத்தார், மறுபடியும் கொண்டுபோனார். பேட்டரி வீணாக ஓடிக்கொண்டிருந்தது. "மெள்ள" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் முள் துள்ளி முன்பல்லில் ஒரு கோடு கிழித்தது. ஆழமில்லை. ஆனாலும் அந்த அம்மா பார்த்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது.

அவர் பட்டனை அணைத்தார்.

"அம்மா, எனக்குக் கை நடுங்குது. ரெண்டு வருசமா எல்லாச் செட்டையும் ராவுதது இவதான். போர்டுலதான் என் பேரு இருக்கு."

சொல்லிவிட்டு மிஷினை என்னிடம் நீட்டினார். இத்தனை நாளும் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் காத்தது, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அந்த அம்மா எழுந்து கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"யாரு ராவுனா எனக்கென்னங்க?" என்றார் அவர், முந்தானைக்குள்ளிருந்து. "சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க. சம்பந்தி வீட்டுக்காரவுக வந்துருவாக."

இதற்காகவா இரண்டு வருஷம் இருமினோம்? எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுப்பாக இருந்தது. வாங்கி ராவ ஆரம்பித்தேன். முள்ளால் மேட்டைக் குறைத்து, உருளையை மாட்டிச் சமப்படுத்தி, கம்பளி உருண்டையால் அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மிஷின் முனகி நின்றுவிட்டது. மீதியை மெருகுப் பொடி தொட்டுத் துணியால் கையாலேயே தேய்த்தேன். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்த அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, நான் கையில் மிஷினோடு நிற்பதைக் கண்டுவிட்டுப் போனார். அந்த வாரத்துக்குள் மற்ற லாட்ஜ்களிலும், "பல்செட் அக்காவைக் கூப்பிடுங்க" என்று ஆகிவிட்டது. வேலை கூடியதே ஒழியக் குறையவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எப்படியோ இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் வழியே சாரல் அடித்தது. என் கை முழுக்க ரோஸ் நிறத் தூசி, கழுவ மறந்திருந்தேன். நடுவில் நின்ற ஒருவர் அவரை அடையாளம் கண்டு, "என்ன அண்ணாச்சி, அருவிக்கா?" என்று கேட்டார்.

"இல்ல, இவளுக்கு லாட்ஜில வேலை. நான் கூட வந்தேன்" என்றார்.

துண்டு தோளிலேயே கிடந்தது. அவருடைய கை, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல், எல்லோரும் பார்க்க மடியில் ஆடிக்கொண்டிருந்தது.