காருக்குள் படுக்கை போட்ட தம்பி

தம்பி மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இருந்தவரை ‘அவன்’ என்றே சொல்லிவந்தேன். இந்த நினைவு மலரில் ‘அவர்’ என்று எழுத வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். அப்படியே எழுதுகிறேன்.

கே.ஜி.கண்டிகையில் கூலி வேலை செய்த பெற்றோருக்கு நாங்கள் இருவர். நான் படித்துத் திருத்தணியில் ஆசிரியரானேன். தம்பி எட்டாம் வகுப்போடு பொதட்டூர்பேட்டைக்குத் தறி ஓட்டப் போனார். பிறகு லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வேன் ஓட்டினார். யாரையும் கடிந்து பேசியதில்லை. அறுபது வயதுக்கு மேல் பழைய சிறிய கார் ஒன்றை வாங்கினார்.

அதில் அவர் செய்த வேலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முன்சீட்டின் தலைப்பகுதியைக் கழற்றி, சீட்டை முன்னே தள்ளி, முதுகைப் பின்சீட்டோடு சேரும்படி சாய்த்தார். இடையில் இருந்த பள்ளத்தில் பலகையும் பஞ்சும் வைத்தார். சன்னல்களுக்குத் தறித்துணித் திரை. தலைமாட்டில் மட்டும் சரிவாக ஒரு கட்டை. மனைவியோடு பூண்டி ஏரிக்கரையில் போய் அதில் தங்கிவிட்டு வருவார்.

என் பேத்தியின் கல்யாணத்தின்போது எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். தம்பி வாசலில் நின்ற காரில் படுத்தார். கல்யாண வீட்டில் கூடப்பிறந்தவர் உள்ளே படுக்காவிட்டால் பகை என்றுதான் நம் பக்கத்தில் எடுத்துக்கொள்வார்கள். காலையில் காப்பி குடித்தபடி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டார்.

“இன்னா வாத்தியாரே, தம்பி வெளியவே படுத்துகினு கீறாரு. எதனா மனஸ்தாபமா?”

“அவன் அப்பிடித்தாங்க, வீம்பு புடிச்சவன்” என்றேன். நேராகக் காருக்குப் போனேன்.

“உள்ள எடம் இல்லன்னு யாருனா சொன்னாங்களாடா?”

“இல்லணா. இதுல தான் தூக்கம் வருது. நீ கூட ஒரு வாட்டி படுத்துப் பாரேன்.”

“எனக்கு வூடு கீது. நீயும் வந்தா உள்ள படு. இல்லன்னா வராத.”

“சரிணா” என்றார். சீட்டை நிமிர்த்தினார். பந்தியில் பரிமாறிவிட்டுப் போனார். அதன்பின் என் வீட்டுக்கு வரவில்லை. கோபம் என்று நானும் போகவில்லை. மூன்றாம் மாதம் ஒரு காலையில், தம் வீட்டு வாசலில், அதே காரில் அவர் உயிர் பிரிந்தது.

அன்று தம்பியின் மனைவி சொன்னார்: “நேரா படுத்தா மூச்சு முட்டும் பாவா. சாஞ்சாப்ல தான் தூங்குவாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிகினு இருந்தேன்.”

தம்பியின் மகன் மறுக்கிறான். “அதெல்லாம் இல்ல பெரிப்பா. நைனா ஊரு சுத்தத் தான் கட்டை அடிச்சாரு. மூச்சு முட்டறது அப்பறம் வந்தது.”

எது முதலில், எது பிறகு? வாய் திறந்து ஏன் சொல்லவில்லை? வராமல் இருந்தது கோபத்தாலா, உள்ளே படுக்க முடியாததாலா? போன வாரம் அந்தக் காரில் படுத்துப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது. ஒன்றும் விளங்கவில்லை.

அன்று காரிலிருந்து தம்பியை இறக்கிய அண்டை வீட்டாருக்கும், சடங்குகளில் உடனிருந்தவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். தம்பிக்கு வீம்பு என்று கல்யாணத்தில் பலரிடம் சொன்னேன். அது நானாகச் சொன்னது. கடைசி மாதங்களில் என்மேல் வருத்தம் என்று அவர் உங்களில் யாரிடமாவது சொல்லியிருந்தால், தயங்காமல் வந்து சொல்லுங்கள். இல்லையென்றாலும் சொல்லுங்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.